ஆலோசனைக்குச் சம்பளம் யார் தருவது?

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஆண்டு தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. சீருடை அணிந்த பத்துப் பன்னிரண்டு வேளாண் கல்லூரி மாணவிகள், நடுவில் தோளில் துண்டு போட்ட ஒரு விவசாயி, அவர் கையில் மஞ்சள் ஒட்டும் பொறி. ‘தென்னையில் வெள்ளை ஈ: வேளாண் மாணவிகள் செயல்விளக்கம்’ என்று கீழே ஒரு வரி இருக்கும். மறுநாள் வேறு ஊர், வேறு குழு. சூடோமோனாஸ் விதை நேர்த்தி, இலை வண்ண அட்டை, அசோலா தொட்டி என்று பொருள் மாறும், படம் மாறாது. இறுதியாண்டில் வரும் ‘ஊரக வேளாண் பணி அனுபவம்’ என்ற பாடத்தின் விளைச்சல் இது. மாணவர்கள் ஒரு வட்டாரத்தில் தங்குவார்கள். தெருவில் வண்ணப் பொடியால் ஊரின் வரைபடம் போடுவார்கள். எந்த மாதம் நடவு, எந்த மாதம் கைக்கடன் என்று ஊராரிடமே கேட்டு அட்டவணை தயாரிப்பார்கள். பத்திரிகை நறுக்கை அறிக்கையில் ஒட்டுவார்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. நான்கு ஆண்டுப் படிப்பில் இந்தச் சில மாதங்களே நன்றாக நினைவில் நிற்கின்றன என்று பல பட்டதாரிகள் சொல்லக் கேட்கலாம்.

படம் வெளியான சில மாதங்களில் பட்டம் கைக்கு வந்துவிடும். இலையைத் திருப்பிப் பார்த்து இது பூச்சியா, நோயா, சத்துக் குறையா என்று சொல்லும் அந்தத் திறமையை மாதச் சம்பளம் கொடுத்து வாங்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அப்போதுதான் எழும். வேளாண் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மாணவரிடமே நின்றுவிடுகிறது: திறன் போதவில்லை, ஆங்கிலம் வரவில்லை, வயலில் இறங்கத் தயங்குகிறார்கள். சம்பளம் தருபவர் யார், எதற்காகத் தருகிறார் என்று பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அக்ரி படித்தவருக்குப் பெரிய அளவில் சம்பளம் தருபவர்கள் மூவர்: அரசு, வங்கி, இடுபொருள் நிறுவனம். மூவருக்குமே விவசாயிக்கு ஆலோசனை சொல்வது முதல் வேலை கிடையாது.

தேவை இல்லாமல் இல்லை. 2003-இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் விவசாயக் குடும்பங்களிடம், நவீனத் தொழில்நுட்பம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டது. ஏறத்தாழ 60 சதவீதக் குடும்பங்கள் எங்கிருந்தும் கிடைக்கவில்லை என்றன. மற்ற முன்னோடி விவசாயிகளிடம் கேட்டவர்கள் 16.7 சதவீதம். உரக்கடை, மருந்துக்கடைக்காரரிடம் கேட்டவர்கள் 13.1 சதவீதம். அரசு விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டவர்கள் 5.7 சதவீதம் மட்டுமே. அதன்பின் கைப்பேசி வந்தது, 2018-இல் ‘உழவன்’ செயலி வந்தது, யூடியூப் வந்தது. தகவல் பெருகியது. ஆனால் ஓடையைத் தாண்டி வந்து இந்த வயலில் இந்த இலையைப் பார்ப்பவர் பெருகவில்லை.

2011-இல் தேசிய வேளாண் ஆராய்ச்சி மேலாண்மைக் கழகமும் ஆள்திறன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த கணிப்பு, 2020 வாக்கில் நாட்டுக்கு வேளாண் பட்டதாரிகள் போதமாட்டார்கள் என்றது. புதிய கல்லூரிகளைத் திறந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கணிப்புகள் கைகொடுத்தன. நாட்டுக்கு ஆள் தேவை என்பதும், அந்த ஆளுக்குச் சம்பளம் தர ஒருவர் காத்திருக்கிறார் என்பதும் வேறு வேறு. மனிதவளக் கணிப்புகள் முதலாவதை எண்ணிவிட்டு இரண்டாவதையும் எண்ணியதாக நினைத்துக்கொள்கின்றன.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971 ஜூன் 1-இல் தொடங்கியபோது அதன் கருவாக இருந்தவை கோவை, மதுரை ஆகிய இரண்டு வேளாண் கல்லூரிகள். கிள்ளிகுளம், திருச்சி, பெரியகுளம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2014-இல் குடுமியான்மலை, ஈச்சங்கோட்டை, வாழவச்சனூர் ஆகியவையும் வந்தன. அண்மை ஆண்டுகளின் சேர்க்கை அறிவிப்புகளில் உறுப்புக் கல்லூரிகள் 18, தனியார் இணைப்புக் கல்லூரிகள் 28. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், வேளாண் துறை தொடங்கியிருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களும் இதற்கு வெளியே. 2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தபின், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேரக்கூடிய படிப்பு என்பதாலும் அக்ரிக்கு மவுசு கூடியது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. ஆக, நல்ல மதிப்பெண் பெற்றவர்கள், அதிலும் பாதிக்குமேல் பெண்கள், இந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவர் தரம் சரிந்துவிட்டது என்று பேசுபவர்கள் முதலில் இந்தச் சேர்க்கைப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

இனி, சம்பளம் தருபவர்களைப் பார்ப்போம்.

இந்தப் படிப்பே அரசு வேலைக்கென்று பிறந்தது. 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி, 1906-இல் கோவைக்கு இடம்பெயர்ந்தது. கோவையில் படித்தவர் மாகாண வேளாண் துறையில் சேர்வார். துறையில் இருப்பவர் கோவைக்கு ஆராய்ச்சிக்கு வருவார். கல்லூரியும் துறையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். அந்த வீட்டிலும் எல்லோரும் தங்கிவிடவில்லை. கோவையில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன் குடிமைப்பணித் தேர்வெழுதி இந்தியக் காவல் பணிக்குத் தேர்வானார். நெதர்லாந்தில் மரபியல் படிக்க உதவித்தொகை கிடைத்திராவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்கவும் கூடும். அக்ரி படித்துவிட்டு ஐஏஎஸ் கனவில் இருக்கிறார்கள் என்று இன்றைய மாணவர்களைக் குறை சொல்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எதிர்த் திசையில் போனவர் இயற்கை வேளாண்மையின் முன்னோடி நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963-இல் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வானம் பார்த்த பூமி விவசாயிக்கு அங்கே நடக்கும் பரிசோதனைகளால் பயனில்லை என்று கண்டு 1969-இல் வெளியேறினார். அரசு வேலைக்குள் இருந்து விவசாயிக்கு உதவ முடியுமா என்ற கேள்வியை அப்போதே அவர் எழுப்பிவிட்டார்.

இன்றைய நிலவரம் என்ன? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் வேளாண்மை அலுவலர் (ஏ.ஓ.) தேர்வு எந்த ஆண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் அறிவிப்பில் நூற்றுக்கணக்கில் இடங்கள் இருக்கும். அடுத்ததில் நூற்றுக்கும் கீழே வந்துவிடும். நடுவில் சில ஆண்டுகள் அறிவிப்பே இருக்காது. தொடக்க அடிப்படை ஊதியம் 37,700 ரூபாய், படிகள் தனி. 22 வயதில் இதற்கு ஈடான நிரந்தரம் கிடைக்கும் இடங்கள் குறைவு என்பதால், பட்டம் முடித்தவர் இரண்டு மூன்று ஆண்டுகள் பயிற்சி மையத்திலும் நூலகத்திலும் கழிக்கிறார். எம்.எஸ்சி. சேர்வதும் பல நேரம் காத்திருப்பதற்கான கௌரவமான வழிதான். ஆராய்ச்சியில் நாட்டமில்லாதவர் மண்ணியலில் ஆய்வேடு எழுதுவதற்குப் பின்னால் இந்த ஊதியத்தின் ஈர்ப்பு இருக்கிறது.

தேர்வில் வென்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உட்கார்ந்தபின் ஏ.ஓ. என்ன செய்கிறார்? மையத்தின் முன்பு காத்திருப்பவர்களின் கையைப் பாருங்கள். ஆதார் ஜெராக்ஸ், சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயிச் சான்று. சொட்டுநீருக்கு மானியம், தார்ப்பாய்க்கு மானியம், பண்ணைக் கருவிக்கு மானியம், நுண்ணூட்டத்துக்கு மானியம். ஒவ்வொரு திட்டத்துக்கும் இலக்கு, ஒவ்வொரு இலக்குக்கும் கடைசித் தேதி, ஒவ்வொரு பயனாளிக்கும் நிலத்தில் நின்று எடுத்த இருப்பிடக் குறியுள்ள புகைப்படம். பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனை, விதைக் கிடங்கு இருப்பு, மேலிடக் கூட்டத்துக்கான அறிக்கை எல்லாம் போக மிச்ச நேரம் இருந்தால் வயல். நேர்மையாக உழைக்கும் அலுவலர்களும் இப்படித்தான் நாளைக் கழிக்கிறார்கள். அரசு அவர்களுக்குச் சம்பளம் தருவது திட்டத்தைச் சேர்ப்பிக்க. பயிர் நோயியலில் அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பது ஆண்டு முடிவில் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

வங்கியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகள் தங்கள் கடனில் 18 சதவீதத்தை வேளாண்மைக்குத் தர வேண்டும். அதைக் கவனிக்க ‘வேளாண் கள அலுவலர்’ என்ற பதவி இருக்கிறது; ஐபிபிஎஸ் தேர்வு வழியே பொதுத்துறை வங்கிகள் ஆள் எடுக்கின்றன. தேர்வு ஏறத்தாழ ஆண்டுதோறும் வருவதால், மாணவர்கள் இதை டிஎன்பிஎஸ்சியைவிட நம்பகமான வழியாகக் கருதுகிறார்கள், சரியாகவே. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமக் கிளைகளில் பயிர்க்கடன் என்பது பெரும்பாலும் நகைக்கடன். விவசாயி சிட்டாவையும் செயினையும் கொண்டுவருவார். நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்ப்பார். கள அலுவலர் கணக்கில் ஏற்றுவார். நெல்லா வாழையா என்பது படிவத்தில் ஒரு கட்டம். திருப்பிக் கட்டும் உறுதி தங்கத்தில் இருக்கும்போது பயிரைப் போய்ப் பார்க்க வங்கிக்கு என்ன அவசியம்? சில ஆண்டுகளில் பொது வங்கிப் பணிக்கு மாறி, நான்கு ஆண்டுகள் படித்ததை மறந்துவிடும் அலுவலர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாமவரிடம்தான் நிற்க வேண்டும். எண்ணிக்கையில் அதிகம் பேரை, தேர்வு இல்லாமல், படித்து முடித்த கையோடு வேலைக்கு எடுப்பது விதை, உரம், பூச்சிமருந்து நிறுவனங்கள். கள அலுவலர், சந்தை மேம்பாட்டு அலுவலர் என்று பதவிப் பெயர்கள் பலவகை. வேலை ஒன்று. கையில் பைக், ஒன்றிரண்டு தாலுகா, மாதாந்திர டார்கெட். காலையில் டீலர், பகலில் வயல், மாலையில் பத்து விவசாயிகளைக் கூட்டி டீயும் பஜ்ஜியும் கொடுத்து ஒரு கூட்டம். டீலரிடம் சரக்கை இறக்குவது ‘பிளேஸ்மென்ட்’. அது கடையிலிருந்து விவசாயி கைக்குப் போவது ‘லிக்விடேஷன்’. போகாவிட்டால் சீசன் முடிவில் ‘ரிட்டர்ன்’. இந்த மூன்று சொல்லும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மனப்பாடமாகிவிடும். நான்காவது ஒன்று உண்டு, வசூல். பருவமழை பொய்த்த ஆண்டில் டீலரிடம் பாக்கி வாங்குவதுதான் இந்த வேலையின் கடினமான பாடம்.

விற்பனை இழிவான தொழில் அன்று. நல்ல விதையை நல்ல விவசாயியிடம் கொண்டு சேர்த்தவர்கள் இந்த வேலையில்தான் இருந்தார்கள். சிக்கல், நோய் அறியும் அறிவும் விற்கும் கடமையும் ஒரே ஆளிடம் சேர்வதில் இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் நின்றால் இது விளங்கும். விவசாயி ஒரு நெகிழிப் பையில் நான்கு இலைகளைக் கொண்டுவந்து கல்லாவில் வைப்பார். “அண்ணே, ஒரு வாரமா இப்படித்தான் சுருளுது.” கடைக்காரர் இலையைத் தொடாமலே பார்த்துவிட்டு இரண்டு பாட்டில் எடுத்து வைப்பார், கூடவே ஒரு டானிக். “பத்து லிட்டர் டேங்குக்கு ஒரு மூடி ஊத்துங்க.” “கணக்குல எழுதிக்குங்கண்ணே.” நோட்டில் எழுதியாயிற்று. இந்தப் பரிமாற்றத்தில் ஆலோசனை இலவசம். அதன் விலை பாட்டிலுக்குள் இருக்கிறது, கூடவே அறுவடைவரை காத்திருக்கும் கடனும் இருக்கிறது. பட்டதாரி ஒருவர் பக்கத்துத் தெருவில் பலகை மாட்டி, இலையைப் பார்த்துச் சொல்ல ஐம்பது ரூபாய் என்றால் யார் போவார்கள்? அவர் சொல்வது சரியாக இருக்கலாம். கடன் கொடுக்க அவரால் முடியாது.

அவர் சொல்வது சரியாக இருந்தால் பல நேரம் விற்பதற்கு ஒன்றுமே இருக்காது என்பது இன்னொரு சங்கடம். 2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகத் தென்பட்டது. ஓலையின் அடியில் வெள்ளைப் படலம், மேலே கரும்பூசணம். பார்க்கவே பயமாக இருக்கும். பல்கலைக்கழகத்தின் பரிந்துரை என்ன? ரசாயன மருந்தைத் தவிர்க்க வேண்டும். என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தானாகப் பெருகி ஈயைக் கட்டுப்படுத்தும், மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைத் தோப்பில் கட்டலாம், ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சலாம், கரும்பூசணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவைக் கரைத்து அடிக்கலாம். அறிவியல்படி நேர்த்தியான ஆலோசனை. மைதாவும் விளக்கெண்ணெயும் மளிகைக் கடைச் சரக்கு. மருந்து நிறுவனத்தின் கள அலுவலர் இதைச் சொன்னால் அந்த மாத டார்கெட் என்னாவது?

மரவள்ளியிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பரவி, ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகும் வயல்களைச் சூறையாடியது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகிரஸ் லோபெசி என்ற குளவியை 2021-இல் வரவழைத்து வளர்த்தது. 2022-இல் சேலம் மாவட்டத்தில் அது வயலில் விடப்பட்டது. ஒரு தோட்டத்தில் விட்ட குளவி வேலி பார்க்காமல் அடுத்த தோட்டத்துக்கும் போகும். ஆகவே அதை யாராலும் விலைக்கு விற்க முடியாது. பொதுப்பணம் மட்டுமே இதைச் செய்யும். வேளாண் பட்டதாரியின் கல்வியில் மிக உயர்ந்த பகுதி இந்த வகை அறிவு. சந்தை காசு தர மறுப்பதும் இதற்குத்தான்.

சட்டம் மூலம் வேலை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. 2015-இல் மத்திய அரசு பூச்சிக்கொல்லி விதிகளைத் திருத்தி, சில்லறை விற்பனை உரிமத்துக்கு வேளாண்மையிலோ அதையொட்டிய அறிவியலிலோ பட்டம் வேண்டும் என்றது. மருந்துக்கடைக்கு மருந்தாளுநர் இருப்பதுபோல உரக்கடைக்கு வேளாண் பட்டதாரி என்று மாணவர்கள் மகிழ்ந்தார்கள். நாடெங்கும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். கெடு நீண்டது. பிறகு குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பே போதும் என்று விதி தளர்ந்தது. ஐதராபாத்தின் ‘மேனேஜ்’ நிறுவனம் 2003 முதல் நடத்தும், வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரங்கள் நீளும் ‘தேசி’ பட்டயப் படிப்பில் கடைக்காரர்கள் சேர்ந்தார்கள். ஊர் ஊராக இருந்த பழைய கடைகளை ஒரே நாளில் மூடியிருக்க முடியாது. அந்த அளவில் தளர்வு நியாயமானது. விவசாயிக்கும் அதில் நன்மைதான், கடைக்காரர் ஓரளவு படித்தவராகிறார். பட்டதாரிக்கு மட்டும் கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

மாணவரிடம் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொடும் பாடத்திட்டம் இது: மண்ணியல், உழவியல், பூச்சியியல், நோயியல், மரபியல், பொருளியல், விரிவாக்கம். ஒரு பருவத்தில் எட்டு ஒன்பது பாடங்கள், இடைத்தேர்வு, செய்முறைப் பதிவேடு, பூச்சிச் சேகரிப்புப் பெட்டி, களைகளின் உலர்தாள் தொகுப்பு. ஒரு ஏக்கர் தக்காளிக்கு நாற்று முதல் வண்டி வாடகைவரை என்ன செலவு, ஒட்டன்சத்திரம் சந்தையில் கமிஷன் எத்தனை, பெட்டி விலை நூறுக்குக் கீழே விழுந்தால் பறிப்புக் கூலி கட்டுமா என்று கேட்டால் பலர் திணறுவார்கள். ஒரு சாதாரண விவசாயி விரல் விட்டு எண்ணிவிடுவார். இந்த இடைவெளியை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் அறிந்திருந்தது. 2015 ஜூலையில் பிரதமர் தொடங்கிவைத்த ‘ஸ்டூடண்ட் ரெடி’ திட்டமும், அக்கழகத்தின் ஐந்தாவது முதன்மையர் குழுவின் பாடத்திட்டமும் இறுதியாண்டைக் களப் பயிற்சிக்கும் தொழில் பயிற்சிக்கும் ஒதுக்கின. காளான் வளர்த்து விற்றார்கள், மண்புழு உரம் செய்தார்கள். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே, ஆசிரியர்களே வாடிக்கையாளராக, விற்றுத் தீர்ந்தது. இலாபம் பங்கிடப்பட்டது. நட்டப்படும் அனுபவம் யாருக்கும் கிடைக்கவில்லை, அதுதான் வெளியே முதலில் கிடைப்பது.

ஆனாலும் திறன் குறைவு என்ற விளக்கம் பாதிதான் சரி. அதே கல்லூரியில் படித்த அதே மாணவருக்கு ஓரிடத்தில் மதிப்பும் மற்றோரிடத்தில் அலட்சியமும் கிடைப்பதை அது விளக்காது. ஊறுகாய் வெள்ளரி எனப்படும் கெர்கின் பயிரைப் பாருங்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்த முறையில் விளைந்து ஏற்றுமதியாகிறது. விதையும் இடுபொருளும் நிறுவனமே தரும், பிஞ்சை அளவு பார்த்து நிறுவனமே எடுக்கும். அங்கே கள அலுவலர் வயலுக்கு ஓயாமல் வருகிறார். எந்த மருந்து, அடித்து எத்தனை நாளில் பறிக்கலாம் என்று எழுதிவைக்கிறார். ஏனென்றால் மருந்து எச்சம் கூடினால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு திரும்பிவிடும். ‘இதை அடிக்காதீர்கள்’ என்ற அதே ஆலோசனை. பொள்ளாச்சித் தோப்பில் அதற்கு விலையில்லை, கெர்கின் வயலில் அதற்கு மாதச் சம்பளம். வாங்குபவர் தரத்துக்குச் சான்று கேட்கும் இடங்களில் எல்லாம் இது நடக்கிறது: விதைச் சான்று, அங்ககச் சான்று, ஏற்றுமதிக் காய்கறி, எச்ச ஆய்வுக்கூடம். பட்டம் முடித்தவர் வேலை தேடும்போது நிறுவனத்தின் பெயரைவிட, சரக்கை வாங்குபவர் என்ன கேட்கிறார் என்று பார்ப்பது பயன் தரும். ஒரு வருத்தம், உள்ளூர்ச் சந்தையில் நாம் வாங்கும் கத்தரிக்காய்க்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிக்குமேல் இருப்பவர்கள் வளாக நேர்காணல் முடிந்த பட்டியலில் குறைந்துவிடுகிறார்கள். நிறுவனங்கள் எழுத்தில் எதுவும் சொல்வதில்லை. பைக் ஓட்ட வருமா, இரவு எட்டு மணிக்கு டீலர் கூட்டத்துக்கு வர முடியுமா, திருமணத்துக்குப் பின் இதே மாவட்டத்தில் இருப்பீர்களா என்று கேள்விகள் வரும். முடிவு அதற்குள் இருக்கும். விளைவாகப் பெண்கள் பெருமளவில் போட்டித் தேர்வுக்கும் மேற்படிப்புக்கும் திரும்புகிறார்கள், முனைவர் பட்டம்வரை போகிறார்கள். இத்தனைக்கும் வயலில் களை எடுப்பது, நாற்று நடுவது, பருத்தி பறிப்பது எல்லாம் பெண்கள்தான். பூச்சியை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். ஒரு பெண் அலுவலரிடம் அவர்கள் பேசுவதுபோல ஆண் அலுவலரிடம் பேசமாட்டார்கள் என்பது ஊரகப் பணி அனுபவத்துக்குப் போய்வந்த எந்த மாணவிக்கும் தெரியும். இந்த அனுகூலத்தைக் காசாக்கிய நிறுவனத்தை இன்னும் காணோம்.

வேலை தேடாதே, வேலை கொடு என்பது இப்போதைய உபதேசம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. மத்திய அரசின் ‘அக்ரி கிளினிக்’ திட்டம் 2002 ஏப்ரலில் தொடங்கியது. 45 நாள் இலவசப் பயிற்சி. தனிநபருக்கு 20 லட்சம், குழுவுக்கு ஒரு கோடி ரூபாய்வரை வங்கிக்கடன். அதில் 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம். பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே தொழில் தொடங்கினார்கள். வங்கிக்கடனும் மானியமும் கைக்கு வந்தவர்கள் அதிலும் சிறு பகுதி. தொடங்கியவர்களில் பலர் என்ன தொடங்கினார்கள் என்று பார்த்தால் இடுபொருள் கடை, நாற்றங்கால், பால்பண்ணை. கிளினிக் என்ற பெயருக்கு ஏற்ப நோய் பார்த்துக் கட்டணம் வாங்கி நிலைத்தவர்கள் அரிது. அவர்களுக்கு விவேகம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. 2018-19 மாதிரி ஆய்வின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம், கூலியும் மாடும் சேர்த்து, 11,924 ரூபாய். இந்த வருமானத்திலிருந்து தனியாகக் கட்டணம் வசூலித்து ஒரு பட்டதாரி குடும்பம் நடத்த முடியாது.

2025-26 வேளாண் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 1,000 ‘முதல்வரின் உழவர் நல சேவை மையங்கள்’ என்று அறிவித்தது. வேளாண் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் 10 முதல் 20 லட்சம் ரூபாய் மதிப்பில் மையம் தொடங்கலாம். 30 சதவீதம், அதாவது 3 முதல் 6 லட்சம்வரை மானியம். மொத்த ஒதுக்கீடு 42 கோடி. நல்ல அறிவிப்பு. ஆனால் மானியம் முதலீட்டுக்கு, அலமாரிக்கும் சரக்குக்கும். அன்றாட வருமானம் விற்பனையில்தான் வர வேண்டும். கையில் பட்டத்தோடு, எதிர்க்கடைக்காரரைப்போல நோட்டில் கடன் எழுதும் இன்னொரு கடைக்காரராக அந்த இளைஞர் ஆகிவிடாமல் இருக்க, ஆலோசனைக்கென்றே ஒரு சிறு தொகையை அரசு மையத்துக்கு மாதந்தோறும் தரலாம். பார்த்த வயல், எழுதிய சீட்டு, மறுபடி போய்ப் பார்த்த பதிவு ஆகியவற்றின் கணக்குப்படி. புதிய அலுவலர்களை நிரந்தரமாக நியமிப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. அலமாரியில் பாட்டில் தேங்கினாலும் அந்த மாதம் அவருக்கு வயிறு நிறையும், ‘அடிக்க வேண்டாம்’ என்று சொல்ல வாயும் வரும்.

இன்னொரு வழி, விவசாயிகள் கூட்டாகச் சம்பளம் கொடுப்பது. 2020 பிப்ரவரியில் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில், தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய்வரை ஊதியத்தை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசே தருகிறது. வேளாண் பட்டதாரிகள் பலர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏ.ஓ.வின் அடிப்படை ஊதியத்தைவிடக் குறைவு, நிரந்தரமும் இல்லை என்பதால் டிஎன்பிஎஸ்சி முடிவு வந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். நிறுவனம் மறுபடி ஆள் தேடும். மூன்று ஆண்டு முடிந்ததும் பல நிறுவனங்களில் சம்பளமே நின்றுபோகிறது. 25,000 ரூபாய் மாதச் சம்பளம் ஆண்டுக்கு 3 லட்சம். உறுப்பினர் 1,000 பேர் என்றால் தலைக்கு ஆண்டுக்கு 300 ரூபாய். ஒரு பருவத்தில் தேவையில்லாமல் வாங்கும் ஒரு பாட்டிலுக்கு இதைவிட அதிகம் ஆகும். இந்த 300 ரூபாயைச் சந்தாவாகக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். கூட்டாக உரம் வாங்கியதில் மிச்சம், நிலக்கடலையைக் கூட்டாக விற்றதில் கிடைத்த கூடுதல் விலை, ட்ரோன் வாடகை ஆகியவற்றிலிருந்து பிடித்துக்கொண்டால் கொடுப்பார்கள். அதற்குச் செயல் அலுவலருக்குப் பூச்சியியலோடு கணக்குப் பேரேடும் ஜிஎஸ்டியும் வியாபாரியிடம் பேரம் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். ஊரகப் பணி அனுபவத்துக்குப் போகும் மாணவர் குழு, ஒட்டும் பொறியோடு நிற்காமல், ஒரு பருவம் முழுவதும் இப்படி ஒரு நிறுவனத்தின் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தால், மூன்றாம் ஆண்டு முடிவில் அரசின் ஊதியம் நிற்கும்போது அந்த நாற்காலியில் என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். பல்கலைக்கழகம் இதைச் செய்யப் புதிய பாடத்திட்டக் குழுவோ ஒப்புதலோ தேவையில்லை. எந்த ஊருக்கு அனுப்புவது என்ற பட்டியலை மாற்றினால் போதும்.